இறுக்கிப் பிடித்த கோடை

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்தது உத்திர வீதியில், ஒரு நீளமான வீட்டின் பின்கட்டில். குளியலறைக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். முற்பகலில் அதன் வழியாக வெயில் சாய்வாக இறங்கிச் சுவரில் ஒரு வெள்ளைக் கட்டமாக நிற்கும். பிறகு மெல்ல மெல்லத் தரைக்கு நகரும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு மதிய ஷிஃப்ட் என்றால், கணவரையும் பிள்ளைகள் இருவரையும் அனுப்பிவிட்டு அந்த வெயில் வரும் நேரத்தில்தான் குளிப்பேன். மேலே ஊற்றிக்கொண்ட தண்ணீர் தரையில் விழுவதற்கு முன் ஒரு கணம் வெளிச்சத்தில் தங்கிவிட்டுப் போவது போலிருக்கும். பாதித் தூக்கத்தில் இருப்பவளைப் போல நான் நின்றுகொண்டே இருப்பேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம், அப்படி நின்றபோதுதான் என் தொடைகளைப் பார்த்தேன். தினமும் என்னோடு இருந்தவைதான். ஆனால் அன்று வெயில் பக்கவாட்டில் பட்டதால் தோலின் மேடு பள்ளமெல்லாம் நிழலோடு தெரிந்தது. பக்கங்களிலும் பின்புறத்திலும் சிறு சிறு குழிகள். காவிரி மணலில் தூறல் போட்டு ஓய்ந்த பிறகு இருக்குமே, அது மாதிரி. விரலால் சேர்த்துப் பிடித்தால் குழிகள் இன்னும் ஆழமாயின. வலி இல்லை, அரிப்பு இல்லை. எனக்குத் தெரியாமல் எப்போது வந்தன என்றுதான் புரியவில்லை.

என் கால்கள் மேல் எனக்கு ஒரு கர்வம் உண்டு. எழுபதுகளில் திருச்சியில் மகளிர் கல்லூரியில் படித்தபோது நான் நீளம் தாண்டுவேன். முழங்காலுக்கு மேல் நிற்கும் வெள்ளை டிவைடட் ஸ்கர்ட்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, பலகையை மிதித்து எழும்பும்போது உலகத்தின் சத்தமெல்லாம் ஒரு நொடி அடங்கிப்போகும். மணலில் விழுந்த பிறகுதான் கைதட்டல் காதில் கேட்கத் தொடங்கும். அந்த ஒரு நொடிக்காகவே மாலை மாலையாக ஓடினேன். பிறகு வேலை, கல்யாணம், இரண்டு பிரசவம். புடவைக்குள் போன கால்களை நான் மறந்தே போனேன்.

வேலையும் அப்படிப்பட்டது. தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உயரமான நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். முசிறியிலிருந்து வாழைக்காய் வியாபாரி ஒருவர் சென்னைக்கு லைன் கேட்பார். மணப்பாறையிலிருந்து ஒரு அம்மா மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று அழுவார். எல்லாம் குரல்கள்தான். எங்களையும் அவர்கள் குரலாகத்தான் அறிவார்கள். எங்களுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பது சில நாள் எங்களுக்கே நினைவிருக்காது.

அன்று சாயங்காலம் கணவரிடம் கேட்டேன்.

"என் காலு எப்படிங்க இருக்கு?"

அவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து என் பாதத்தைப் பார்த்தார். "ஏன், நல்லாத்தானே நடக்கறே?" என்றார்.

சித்திரையில் கணவரின் தங்கை சிங்கப்பூரிலிருந்து வந்தாள். அவள் அங்கே ஒரு பெரிய துணிக்கடையில் வேலை பார்த்தாள். மெலிந்து, நெடுநெடுவென்று, நடக்கும்போது புடவையில் ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் இருப்பாள். ஒரு மதியம் நாங்கள் இருவரும் உள்ளறையில் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது, உள்பாவாடை விலகி என் தொடையை அவள் பார்த்துவிட்டாள்.

"அண்ணி, உங்களுக்கும் வந்துடுச்சா? அங்க இதுக்கு ஒரு பேரே இருக்கு. செல்லுலைட்."

எனக்கு டார்ச் லைட்டில் போடுகிற செல்தான் நினைவுக்கு வந்தது. "செல்லு லைட்டா? பேட்டரியா இது?" என்றேன். அவள் கட்டிலில் விழுந்து சிரித்தாள். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தாள்.

உள்ளே எலாஸ்டிக்கால் நெய்த கால்சட்டை ஒன்று இருந்தது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை வரும். கையில் எடுத்தால் குழந்தைக்குத்தான் போடலாம் என்று தோன்றும், அவ்வளவு சின்னது. ஆனால் இழுத்தால் இழுத்த இழுப்புக்கு வந்தது. அதன் நிறத்துக்குத் தோல் நிறம் என்று பெயராம். அப்படி ஒரு தோலை நான் திருச்சி ஜில்லாவில் பார்த்ததில்லை. அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண், மெழுகில் வார்த்தது போன்ற கால்களோடு நின்றுகொண்டிருந்தாள்.

"தினம் போட்டா குழியெல்லாம் அமுங்கி வழுவழுன்னு ஆயிடும்னு போட்டிருக்கு. நானும் போடறேன்" என்றாள்.

வாங்கி பீரோவில் வைத்தேன். அவள் ஊருக்குப் போனதும் அதை மறந்தும் விட்டேன். எடுக்க வைத்தது எக்ஸ்சேஞ்சில் எனக்கு சீனியரான அக்காதான்.

அக்கா பாலக்கரையில், சர்ச்சுக்குப் பக்கத்தில், தன் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல வருடமாக நின்றும் உட்கார்ந்தும் பார்த்த வேலையில் அவர் கெண்டைக்கால்களில் நீல நரம்புகள் புடைத்துச் சுருண்டிருந்தன. டாக்டர் அளவெடுத்து எழுதிக்கொடுத்த எலாஸ்டிக் ஸ்டாக்கிங்ஸைக் காலையில் எழுந்ததும் மாட்டிவிடுவார். அந்த வருடம் பெண்களின் ஓட்டப் பந்தயத்தைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்தது. எங்கள் இலாகாவிலும் ஆடி மாதம் பெண்களுக்கு விளையாட்டுப் போட்டி என்று அறிவித்தார்கள். அக்கா என்னைக் கேட்காமலே நீளம் தாண்டுவதற்கு என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"என்னக்கா இது? ரெண்டு புள்ள பெத்தவ நான்."

"அதனால என்ன? குதிக்கறது நீதானே, புள்ளைங்களா குதிக்கப் போவுது?"

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த கணமே ஸ்கர்ட் நினைவுக்கு வந்தது. மைதானத்து வெயிலில் அந்தக் குழிகளோடு எல்லார் முன்னாலும் நிற்பதை நினைத்ததும் கழுத்து வியர்த்தது. வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்தேன்.

அதைப் போட்டுக்கொள்வதே ஒரு தேகப்பயிற்சி. பவுடர் போட்டு, மூச்சைப் பிடித்து, சுவரில் சாய்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஏறியதும் கண்ணாடியில் பார்த்தேன். அட்டையில் இருந்தவளின் கால்களேதான். எங்கும் ஒரு பள்ளம் இல்லை. தொட்டால் என்னுடையதாகவே தெரியவில்லை. அதன் மேல் பாவாடை, அதன் மேல் புடவை. அது கத்திரி வெயில் காலம். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது ஜன்னல் வழியாக வரும் காற்று முகத்தைத் தொடும், கையைத் தொடும், இடுப்புக்குக் கீழே மட்டும் எட்டாது. கீழே ஆறு தண்ணீரில்லாமல் வெறும் மணலாகக் கிடக்கும். கானலில் அந்த மணலே நெளியும். நான் இரண்டாக வெட்டப்பட்டவளைப் போல, பாதி குளிர்ந்தும் பாதி வெந்தும் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேருவேன்.

வீட்டுக்கு வந்து கழற்றும் நேரம்தான் சொர்க்கம். சிவப்பு சிமெண்டுத் தரையில் அப்படியே படுத்துவிடுவேன். கால்களில் ரத்தம் மெல்ல ஊறி ஊறி ஏறும். தரை நழுவி நான் எதன் மேலோ மிதப்பது போலிருக்கும். பக்கத்து அறையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது எங்கோ கரையிலிருந்து கேட்கும். எழுந்து கண்ணாடியில் பார்த்தால் தொடைகள் வழுவழுவென்று, எலாஸ்டிக்கின் தையல் மட்டும் சிவந்த கோடாகப் பதிந்து, அழகாகத்தான் இருக்கும். உலை வைத்துச் சோறு வடிக்கும் வரை அந்த அழகு தாங்கும். பிறகு பார்த்தால், சாயங்கால வானத்தில் நட்சத்திரம் வருகிற மாதிரி, முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு, கண்ணை எடுத்து மறுபடி பார்த்தால் எல்லாமே வந்திருக்கும்.

இருந்தாலும் விடவில்லை. நாளாக ஆக அமுங்கிவிடும் என்று நம்பினேன். அதிகாலையில் ஆற்று மணலில் குதித்துப் பழகினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் ஓடிவர, கணவர் நான் விழுந்த இடத்தில் கால் கட்டைவிரலால் கோடு போடுவார். என் மகள் கைகளை விரித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து விழுவாள். அக்கரையில் மலைக்கோட்டை விடியல் மங்கலில் பாதி கரைந்து நிற்கும். யாருமற்ற அந்த மணலில் என் குழிகளைப் பற்றிய நினைப்பே எனக்கு வந்ததில்லை.

வைகாசி கடைசியில் ஒரு நாள், ஸ்விட்ச்போர்டில் லைன் போட்டுக்கொண்டிருந்தபோது வலது தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போனது. தட்டினால் கட்டையைத் தட்டுவது போலிருந்தது. பிறகு எறும்பு ஊர்வது போல ஒரு எரிச்சல். ஓய்வறைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். பாவாடையைத் தூக்கி அந்த எலாஸ்டிக்கைக் காட்டியபோது அவர் அதன் விளிம்பை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"இத யாரு போடச் சொன்னது உன்ன?"

"நாத்தனார் கொடுத்தாங்க. குழி போறதுக்கு."

"நான் வலிக்குப் போடறேன். நீ எதுக்குடி வலிய வாங்கறதுக்குப் போடறே?" என்றவர், அன்று ஷிஃப்ட் முடிந்ததும் என்னைத் தில்லை நகரில் தன்னுடைய லேடி டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் தொடையை அழுத்திப் பார்த்தார். இடுப்பில் எலாஸ்டிக் பதிந்த தடத்தைப் பார்த்தார். "இங்க ஒரு நரம்பு போகுதுங்க. அத இது நெருக்குது. கழட்டிட்டீங்கன்னா கொஞ்ச நாள்ல தானா சரியாயிடும்" என்றார்.

"அந்தக் குழிங்க டாக்டர்?"

"அது வியாதி இல்லீங்க. பொம்பளைங்களுக்குத் தோலுக்கு அடியில கொழுப்பு இருக்கிற விதம் அப்படி. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் இருக்கும். எனக்கும் இருக்கு."

"இத போட்டா போகாதா?"

"போட்டிருக்கிற வரைக்கும் தெரியாது. கழட்டினதும் கொஞ்ச நேரம் அமுங்கின மாதிரி இருக்கும். அது உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே? நிரந்தரமா போயிடும்னு நம்பறதுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப அக்காவோடது?"

"அது வேற. அளவெடுத்துப் போடறது. வீக்கத்துக்கும் வலிக்கும் நல்லது. அதுலயும் நரம்பு மறைஞ்சு போயிடாது. ஆனா சாயங்காலம் நடந்து வீட்டுக்குப் போகலாம்."

அக்கா எனக்காக ஏதோ ஜெயித்துவிட்டவர் போலத் தலையாட்டினார். நான் வெளியே வந்து ஆட்டோக்களின் சத்தத்தில் நின்றேன். டாக்டர் சொன்னது எனக்கு முன்பே தெரியும். தினமும் உலை கொதிக்கும் நேரத்தில் கண்ணாடி சொன்னதைத்தான் அவரும் சொன்னார். தெரிந்ததை ஒருவர் வாயால் கேட்கும்போது ஏன் அழுகை வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

எலாஸ்டிக்கை மறுபடி பீரோவில் வைத்தேன். மரத்துப்போனது மெல்ல விலகி, தொடை மீண்டும் என்னுடையதாயிற்று. ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வந்து நான் குதித்த மணலை மூடிக்கொண்டது. ஒரு மதியம் சிங்கப்பூரிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கே நாத்தனார் கூப்பிட்டாள். கடலைக் கடந்து வரும் குரலுக்குப் பின்னால் என் குரலே எனக்கு இரண்டாம் தடவை கேட்கும்.

"அண்ணி, பலன் தெரியுதா?"

"போட்டிருக்கிற வரைக்கும் தெரியுது."

தெரியுது, என்று என் குரல் திரும்பி வந்தது. அவள் பக்கம் வெறும் இரைச்சல். லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"எனக்கும் அப்படித்தான் அண்ணி" என்றாள். "கழட்டிட்டுக் கண்ணாடி பக்கமே போக மாட்டேன்."

எப்போதும் ஒரு மடிப்புக் கலையாதவளின் குரல் அது. ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் நேரம் முடிந்து லைன் போய்விட்டது. ஹெட்செட்டில் கடல் மாதிரி ஒரு ஓசை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

ஆடி பிறந்தது. போட்டி நாளன்று காலை ஸ்கர்ட்டைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றதும், டாக்டர் சொன்னது, நாத்தனார் சொன்னது எல்லாம் எங்கோ போய்விட்டது. இன்று ஒரு நாள் மட்டும் என்று பீரோவைத் திறந்து அதை உள்ளே மாட்டிக்கொண்டேன்.

கண்டோன்மென்ட் பக்கம் ஒரு மைதானம். ஆடிக் காற்று புழுதியை வாரி வாரி இறைத்தது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் வந்திருந்தார்கள். பாதிப்பேர் என்னைவிடப் பத்து வயது சின்னவர்கள். ஆளுக்கு மூன்று முறை தாண்டலாம். முதல் முறை நான் ஓடிவந்து பலகையை மிதித்தேன். எழும்பினேன், ஆனால் முழங்கால் மேலே வரவில்லை. யாரோ பின்னாலிருந்து தொடையைக் கட்டிப்பிடித்து இழுத்த மாதிரி, தபால் மூட்டை விழுவது போல மணலின் விளிம்பிலேயே விழுந்தேன்.

அக்கா ஓடிவந்தார். அவர் கண் ஸ்கர்ட்டின் ஓரத்தில் எட்டிப்பார்த்த அந்தப் பொய்த்தோலின் மேல் போனது.

"கழட்டு."

"எல்லாரும் பாப்பாங்கக்கா."

"பாக்கட்டும். இந்தக் காலோட நான் இத்தன வருஷமா பஸ்ல ஏறி எறங்கலையா? யாரு என்ன செத்தா போயிட்டாங்க?"

வேப்ப மரத்துக்குப் பின்னால் என்னை நிறுத்தி, தன் புடவைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டார். காற்று அதைப் பாய் மாதிரி உப்பவைத்தது. நான் உள்ளே குனிந்து அதை உரித்து எடுத்தேன். தொடையில் காற்று பட்டது. அந்தக் கோடை முழுவதும் இடுப்புக்குக் கீழே எட்டாத காற்றெல்லாம் ஒரேயடியாக வந்து பட்டது போலிருந்தது.

சிவந்த தையல் கோடுகளோடு வெளியே வந்தேன். யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியாது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஓடினேன். பலகை காலுக்குக் கீழே சரியான இடத்தில் வந்தது. எழும்பியதும் காற்றின் இரைச்சல், ஒலிபெருக்கி, பெண்களின் கூச்சல் எல்லாம் அடங்கியது. அந்த ஒரு நொடி என்னிடமே திரும்பி வந்திருந்தது. புழுதியின் பொன்னிறத்தில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். பிறகு மணல், முழங்கை எரிச்சல், அக்காவின் விசில். அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது முறை பலகையைத் தாண்டி மிதித்துவிட்டேன், அது கணக்கில் சேரவில்லை. எனக்கு இரண்டாம் இடம். முதலில் வந்தது புதுக்கோட்டையிலிருந்து வந்த ஒரு பெண். ஒல்லியாக, இருபது வயதுகூட இருக்குமா என்று தோன்றும் முகம். பரிசு கொடுப்பதற்காக எங்களைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தபோது அவள் கண் என் தொடை மேலேயே நின்றது. என் கை தானாக ஸ்கர்ட்டை இழுத்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கும் இப்படி இருக்கா?" என்றாள் மெதுவாக. தன் ஸ்கர்ட்டை ஒரு விரல் அளவு தூக்கி, பெஞ்சில் அமுங்கிய தொடையின் பக்கத்தைக் காட்டினாள். அதே குழிகள். என்னைவிடக் குறைவு, ஆனால் அதேதான். "எனக்கு மட்டும் ஏதோ வியாதின்னு நினைச்சுப் பயந்துட்டே இருந்தேன். யார்கிட்டயும் கேக்கல."

"வியாதி இல்லம்மா. டாக்டருக்கே இருக்காம்."

"நெசமாவா?"

"அவங்களே சொன்னாங்க."

அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புழுதிக்காகவும் இருக்கலாம். இருவரும் ஸ்கர்ட்டை இழுத்துவிடாமல் பெயர் கூப்பிடும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் அக்காவும் என்னோடு ஸ்ரீரங்கம் வந்தார். அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கினோம். புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில், படிகளை நக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அக்கா படியில் உட்கார்ந்து, ஸ்டாக்கிங்ஸ் இரண்டையும் மெல்லச் சுருட்டிக் கழற்றி மடியில் வைத்தார். இத்தனை வருடத்தில் அவர் ஆற்றில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. சுருண்ட நீல நரம்புகளோடு அந்தக் கால்கள் தண்ணீருக்குள் போயின. கலங்கலில் பாதம் மறைந்தது, கணுக்கால் மறைந்தது.

"ஜில்லுன்னு இருக்குடி" என்றார்.

நானும் புடவையை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வாழையிலையில் யாரோ விட்ட பூவும் மஞ்சளும் எங்களுக்கு முன்னால் சுழன்று சுழன்று நின்று, பிறகு போக வழி கிடைத்தது போலக் கீழ்த்திசையில் போயிற்று. பிறகு அவர் கால்களைத் தலைப்பால் துடைத்து, ஈரம் போனதும், ஸ்டாக்கிங்ஸை மறுபடி போட்டுக்கொண்டார்.

"இன்னும் பாலக்கரை போகணுமே. இல்லன்னா வீங்கிடும்" என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பஸ் நிறுத்தம் வரை மெதுவாக நடந்தோம்.